பேங்க் கைமாறும்போது பங்கை வைத்திருப்பதா, விற்பதா?



ஒரு பேங்கை இன்னொரு பேங்க் வாங்கப்போகிறது என்று செய்தி வருகிறது. வாங்கப்படும் பேங்கின் பங்கு நம் கையில் இருக்கிறது. விலை பேசிவிட்டார்கள், ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. இந்த இடைவெளியில் பங்கை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது கோலாலம்பூர் முதலாளிகளின் கவலை, ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களிலும் இன்று ஆசிரியர்கள், தாதியர்கள், அரசாங்க ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் இரண்டாயிரம், மூவாயிரம் பேங்க் பங்குகள் இருக்கின்றன. அந்தப் பணத்துக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் உண்டு. மகளின் கல்லூரிப் படிப்பு, மகனின் வீட்டுக்கு முன்பணம், அம்மாவின் மருத்துவச் செலவு. மூவாயிரம் வெள்ளி நட்டம் என்பது பெரிய முதலாளிக்கு ஒரு வரிக் கணக்கு. நமக்கு அது ஒரு பருவத்துப் படிப்புக் கட்டணம்.

சேமிப்பு வேறு, பங்கு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேங்க் கைமாறுகிறது என்றவுடன் சிலர் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு அவசியம் இல்லை. உங்கள் சேமிப்பும் ஃபிக்ஸட் டெபாசிட்டும் புதிய பேங்குக்கு அப்படியே போய்ச் சேரும். வைப்புத்தொகைக்கு மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒரு பேங்கில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்புத் தருகிறது. பங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பங்கு வாங்கியவர் பேங்குக்குக் கடன் கொடுத்தவர் அல்லர். அவர் ஒரு சிறு உரிமையாளர். லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு.

நம் நாட்டில் பேங்குகள் இணைவது புதிதும் அல்ல. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு பேங்க் நெகாரா ஐம்பதுக்கும் மேற்பட்ட நிதி நிறுவனங்களைப் பத்துக் குழுமங்களாக இணைத்தது. 2006இல் சதர்ன் பேங்க், இன்று சி.ஐ.எம்.பி. என்று நாம் அறியும் குழுமத்திடம் போனது. பத்து ஒன்பதானது. 2011இல் இயோன் பேங்க், ஹொங் லியோங் பேங்கிடம் போனது. ஒன்பது எட்டானது. அந்த இரண்டாவது கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

பதினாறு மாதக் காத்திருப்பு

தவணையில் புரோட்டான் கார் வாங்கிய காலத்தில் இயோன் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு குறைவு. அந்தப் பேங்கின் தாய் நிறுவனம் இயோன் கேப்பிட்டல். 2010 ஜனவரியில் ஹொங் லியோங் பேங்க் அதற்கு விலை சொன்னது. பங்குக்கு 7 வெள்ளி 10 காசு. போதாது என்று இயக்குநர்கள் சொன்னார்கள். ஏப்ரலில் விலை 7 வெள்ளி 30 காசு ஆனது. மொத்தம் சுமார் 506 கோடி வெள்ளி.

அப்போது அங்கே இன்னொரு பெரிய பங்குதாரர் இருந்தார். பிரைமஸ் பசிபிக் என்ற ஹாங்காங் முதலீட்டு நிறுவனம். 2008இல் பங்கு ஒன்றை 9 வெள்ளி 55 காசு கொடுத்து, 20 விழுக்காட்டுப் பங்கை வாங்கியிருந்தது. ஒன்பதரைக்கு வாங்கியவர் ஏழு முப்பதுக்குச் சம்மதிப்பாரா? வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2010 செப்டம்பரில் பங்குதாரர் கூட்டம் கூடி விற்பனைக்குச் சம்மதம் தந்தது. அதன் பிறகும் வழக்கு ஓடியது. கடைசியில் 2011 மே மாதத்தில்தான் பேங்க் கைமாறியது. முதல் விலை சொன்ன நாளிலிருந்து பதினாறு மாதம். அதற்குப் பிறகே பணம் பங்குதாரர் கைக்கு வந்தது.

இதில் கவனிக்க மூன்று விஷயங்கள். ஒன்று, முதல் விலையே கடைசி விலை ஆகவில்லை. பொறுத்திருந்தவருக்குப் பங்குக்கு இருபது காசு கூடியது. மூவாயிரம் பங்கு என்றால் 600 வெள்ளி. இரண்டு, பெரிய பங்குதாரரே எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. பங்குகளை அல்ல, பேங்கின் சொத்தையும் கடனையும் மொத்தமாக வாங்கும் முறையில் அந்த விற்பனை நடந்தது. பெரும்பான்மை வாக்கே போதுமானதாக இருந்தது. மூன்று, 9 வெள்ளி 55 காசு கொடுத்தவரின் வாங்கிய விலையைச் சந்தை கண்டுகொள்ளவே இல்லை.

அந்த மூன்றாவது விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "நான் எட்டு வெள்ளிக்கு வாங்கினேன், எட்டு வராமல் விற்க மாட்டேன்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நாம் எவ்வளவுக்கு வாங்கினோம் என்பது நமக்குத்தான் தெரியும். பங்குக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இன்று என் கையில் பங்கு இல்லை, அதே தொகை ரொக்கமாக இருக்கிறது என்றால், இன்றைய விலையில் இந்தப் பங்கை நான் வாங்குவேனா? வாங்குவேன் என்றால் வைத்திருங்கள். வாங்க மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

சொன்ன விலை 7 வெள்ளி 30 காசு. சந்தையில் அன்றைய விலை 7 வெள்ளி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஏன் முப்பது காசு குறைவு? காரியம் நடக்காமல் போகலாம், நாள் ஆகலாம் என்ற பயத்துக்குச் சந்தை போடும் கழிவு அது.

உங்களிடம் மூவாயிரம் பங்கு. இன்று விற்றால் 21,000 வெள்ளி. காத்திருந்தால் 21,900 வெள்ளி. கூடுதல் 900 வெள்ளி. ஆனால் அந்த 21,000 வெள்ளியை மூன்று விழுக்காட்டு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் ஓராண்டில் 630 வெள்ளி வரும். ஆக, ஓராண்டு காத்திருப்பதால் உண்மையில் கிடைப்பது 270 வெள்ளி.

இப்போது மறுபக்கம். பேச்சு முறிந்தால் பங்கு பழைய விலைக்கு இறங்கும். 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நட்டம் 3,000 வெள்ளி. அதாவது 270 வெள்ளி கூடுதலுக்காக 3,000 வெள்ளியைப் பணயம் வைக்கிறோம். இப்படிப்பட்ட பத்துப் பேரத்தில் ஒன்பது நல்லபடியாக முடிந்து ஒன்று முறிந்தாலும், டெபாசிட்டில் போட்டவரே முன்னால் நிற்பார். டிவிடெண்ட், புரோக்கர் கட்டணம் இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் பங்கின் உண்மையான எண்களைப் போட்டு, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்து, காத்திருக்கும் காலம் குறைவாக இருந்தால், விடை மாறும். சந்தை விலை சொன்ன விலையையும் தாண்டி நின்றால், இன்னும் கூடுதல் விலை வரும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்று பொருள். அந்த எதிர்பார்ப்பும் பொய்க்கலாம்.

முறிந்துபோன பேரங்கள்

பேரம் முறியுமா என்று கேட்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். அந்த ஜூலையில் சி.ஐ.எம்.பி., ஆர்.எச்.பி., எம்.பி.எஸ்.பி. மூன்றும் இணையப் பேசின. பேங்க் நெகாரா பேச்சுக்கு அனுமதி தந்தது. அக்டோபரில் ஆர்.எச்.பி. பங்கை 10 வெள்ளி 3 காசு என்றும், சி.ஐ.எம்.பி. பங்கை 7 வெள்ளி 27 காசு என்றும் மதிப்பிட்டார்கள். பத்து வெள்ளி வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அது ரொக்கம் அல்ல. பங்குக்குப் பங்கு என்ற கணக்கு. ஓர் ஆர்.எச்.பி. பங்கு சுமார் 1.38 சி.ஐ.எம்.பி. பங்குக்குச் சமம், அவ்வளவுதான். சி.ஐ.எம்.பி. விலை ஆறு வெள்ளிக்கு இறங்கினால், அந்தப் பத்து வெள்ளி 8 வெள்ளி 28 காசாகச் சுருங்கிவிடும்.

2015 ஜனவரி 14ஆம் நாள், பொருளாதாரச் சூழல் மாறிவிட்டது என்று சொல்லி அந்த இணைப்பே கைவிடப்பட்டது. 2017 ஜூனில் ஆர்.எச்.பி.யும் ஏம்பேங்கும் பேசத் தொடங்கின. ஆகஸ்டில் அதுவும் முடிந்துபோனது. பேங்க் நெகாரா அனுமதி என்பது பெண் பார்க்கப் போக அனுமதி. அதைத் தாலி கட்டியதாக எண்ணிக் கடன் வாங்கிச் செலவு செய்யக்கூடாது.

ஆகவே செய்தியைப் படிக்கும்போது முதலில் ரொக்கமா, பங்கா என்று பாருங்கள். பங்கு என்றால், நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வாங்கும் பேங்கைப் பற்றி. அந்தப் பேங்கின் பங்கு உங்களுக்கு வேண்டுமா என்பதே கேள்வி.

நம் சமுதாயத்தின் நினைவு

பங்கு என்ற சொல் நமக்கு வெறும் கணக்கு அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. சேமிப்பை எடுத்தும், நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பங்கு சந்தையில் பட்டியலிடப்படவில்லை. விற்க நினைத்தவருக்கு வழி இல்லை. 2010இல் அதை ஒரு நிறுவனம் வாங்க முன்வந்தபோது சொன்ன விலை பங்குக்கு 80 காசு.

அந்த அனுபவத்தால் நம்மவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு வகையினர், வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இன்னொரு வகையினர், பங்கைச் சாமி படத்தின் பின்னால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சந்தையில் உள்ள பேங்க் பங்கை வேலை நாளில் எப்போதும் விற்கலாம், நூறு நூறாகவும் விற்கலாம். ஆகையால் பயப்படவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

அந்தப் பணம் ஓராண்டுக்குள் தேவை என்றால், காத்திருக்காதீர்கள். பதிவுக் கட்டணத்துக்குக் கெடு வரும் நாளில் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்பார்த்து உட்கார முடியாது. ஐந்தாண்டுக்குத் தேவை இல்லை, பேரம் முறிந்தாலும் இந்தப் பேங்க் நல்ல பேங்க் என்று நம்புகிறீர்கள் என்றால், வைத்திருப்பதில் தவறு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் பாதியை விற்றுப் பாதியை வைத்திருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, தூக்கம் வரும். கடன் வாங்கிக் கூடுதல் பங்கு வாங்குவது மட்டும் எவருக்கும் வேண்டாம்.

பங்குதாரர்களிடமே நேரடியாக வாங்க முன்வந்தால், அதற்கான அறிக்கை தபாலில் வரும். சுயேச்சை ஆலோசகரின் கருத்தும் வரும். குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. விலை நியாயமா, ஏற்கலாமா என்று அந்த ஆலோசகர் சொல்வதை, பிள்ளைகளை விட்டாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்றவர்களின் பங்கில் 90 விழுக்காடு வாங்குபவர் கைக்குப் போய்விட்டால், மிச்சப் பங்கைச் சட்டப்படி கட்டாயமாக வாங்க அவருக்கு உரிமை வருகிறது. "நான் கொடுக்க மாட்டேன்" என்ற பிடிவாதத்துக்கு அங்கே இடம் இல்லை.

இன்னும் ஒன்று. அந்தக் கடிதம் எந்த முகவரிக்கு வரும்? நம்மில் பலரின் பங்குக் கணக்கில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி இருக்கிறது. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயமும் இல்லை, தபால் வாங்கக் கிராணியும் இல்லை. சில வீடுகளில் பங்கு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே கிடக்கிறது. வாரிசு அதிகாரப் பத்திரம் எடுக்காமல் அதை விற்கவும் முடியாது, வந்த விலையை ஏற்கவும் முடியாது. கேட்பார் இல்லாத பணம் கடைசியில் அரசாங்கத்தின் உரிமை கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அங்கிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் அலைச்சல் அதிகம். ஆகவே பேங்க் கைமாறும் செய்தி வரும்வரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் பங்குத் தரகரிடம் போய், முகவரியையும் பெயரையும் பேங்க் கணக்கு எண்ணையும் சரிபார்த்துவிடுங்கள்.

விலை எவ்வளவு ஏறும் என்று எந்தச் சோதிடரும் சொல்ல முடியாது. முறிந்தால் எவ்வளவு போகும், அது போனால் நம் வீட்டில் எது நின்றுபோகும் என்பதை நாமே கணக்குப் பார்க்கலாம். அந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். விடை வைத்திருப்பதாக இருந்தாலும் சரி, விற்பதாக இருந்தாலும் சரி, அது உங்கள் சொந்த முடிவாக இருக்கும்.