கடற்பாலத்து முல்லை



அகத்திணை மரபில் முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்த தலைவன் கார்காலத்து மாலையில் மீள்வான் என்று தலைவி ஆற்றியிருத்தலே அது. காடும் காடு சார்ந்த இடமும் அதற்குரிய நிலம். ஆனால் இன்று இருத்தலுக்குரிய நிலம் எது என வினவினால், ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் தயங்காமல் காட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது காடன்று, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமே உள்ள கடற்பாலம்.

1919-இல் கட்டத் தொடங்கி, 1924 ஜூன் 28-இல் முறையாகத் திறக்கப்பட்ட இப்பாலம், இரு கரைகளை இணைக்கவே எழுப்பப்பட்டது. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967 முதல் குடிநுழைவுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கிய வரிசை இன்னும் முடிந்தபாடில்லை. இக்கரையில் வீடும் அக்கரையில் வேலையுமாக வாழ்வோர் நாள்தோறும் இருமுறை அதில் நின்றாக வேண்டும்.

அவ்வரிசையை எதிர்கொள்ள மக்கள் தமக்கென ஓர் ஒழுகலாற்றையே வகுத்துக்கொண்டுள்ளனர். வைகறைக்கு முன்பே எழுவதும், கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருப்பதும், மோட்டார் சைக்கிளில் செல்வோர் வானம் தெளிந்திருந்தாலும் மழைச்சட்டையை மறவாதிருப்பதும் அதன் முதற் பாடங்கள். சோதனைக்காகப் பேருந்தினின்று இறங்கியவர், சோதனை முடிந்ததும் அதே தடத்தில் வரும் அடுத்த வண்டியில் ஏற நேரலாம். ஆதலால் குடையையோ உணவுப் பையையோ இருக்கையில் விட்டுச் செல்லார். இரு நாட்டுப் பள்ளி விடுமுறைகளையும் பண்டிகைகளையும் மனப்பாடமாக வைத்திருப்பர். வெள்ளி மாலையில் அவசரமில்லாப் பயணத்தைத் தவிர்ப்பர். வரிசையில் நின்றபடியே உண்பர். நின்றபடியே உறங்கவும் கற்பர். இவற்றை அற்பச் செய்திகள் என்று இலக்கியம் ஒதுக்கிவிடலாகாது. இருத்தல் என்னும் ஒழுக்கத்தின் இன்றைய கருப்பொருள்கள் இவையே.

இங்கே திணைகள் மயங்குவதும் கருதத்தக்கது. நிலம் கடல் சார்ந்த நெய்தல். பிரிவுக்குக் காரணமோ பாலைக்குரிய பொருள் தேடல். நிகழ்வது முல்லையின் இருத்தல். தொல்காப்பியர் ஏற்றுக்கொண்ட திணைமயக்கத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

எனினும் பழைய இலக்கணம் அப்படியே பொருந்துவதில்லை. வினைமுற்றி மீளும் தலைவன் பாகனை நோக்கித் தேரை விரைந்து செலுத்துமாறு பணிப்பது முல்லை மரபு. பாலத்தில் ஓட்டுநரை விரைவுபடுத்திப் பயனில்லை. முன்னிற்கும் வண்டி நகர்ந்தாலன்றி இவ்வண்டி நகராது. அன்று தலைவன் செல்ல, தலைவி இல்லில் இருந்தாள். இன்று தலைவியும் பொருள்வயிற் பிரிகிறாள். இல்லில் இருப்போர் பாட்டியும் குழந்தையுமே. மாலைக்குரிய இருத்தல் யாமம் வரை நீள்கிறது. தாய் வீடு சேரும்போது குழந்தை உறங்கிவிட்டது. அவள் புறப்படும்போதும் அது உறங்கிக்கொண்டிருந்தது. நெரிசலைக் கிலோமீட்டரிலும் மணியிலும் அளப்போர் இந்த இழப்பை அளப்பதில்லை. இதை அளக்கவேண்டியவன் கவிஞன்.

2020 மார்ச் 18-இல் பெருந்தொற்றால் வழி அடைபட்டபோது, நாள்தோறும் சென்று மீண்டவர் பலர் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. வீட்டுத் திசையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. வீட்டுக்குச் செல்லத்தான் வழியில்லை. 2022 ஏப்ரல் 1-இல் தரைவழி முழுமையாகத் திறக்கப்பட்டது. ஈராண்டுக் காத்திருப்பின் முன் ஈரணி மணி நேரக் காத்திருப்பு சிறிதாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் பெரிய துன்பத்தைக் காட்டிச் சிறிய துன்பத்தை மறக்கச் செய்வது நியாயமாகாது.

நெரிசலைத் தணிக்க முயற்சிகள் இல்லாமல் இல்லை. துவாஸ் வழியாக இரண்டாவது இணைப்பு 1998-இல் திறக்கப்பட்டது. 2024 மார்ச்சில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடவுச்சீட்டுக்கு மாற்றாகக் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தும் முறை வந்தது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் விரைவு ரயிலும் திட்டமிடப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் வழி அகலும்தோறும் செல்வோர் தொகையும் பெருகும் என்பதைப் பாலத்தின் வரலாறே உணர்த்துகிறது.

பொறுமை அழகிய பண்பு. முல்லையைக் கற்பின் திணை என நம் முன்னோர் போற்றியதும் அதனாலேயே. ஆனால் பொறுத்தவரைப் புகழ்வதோடு பாட்டு நின்றுவிடுமாயின், அவரை வரிசையில் நிற்கவைத்த காரணங்கள் கேள்விக்கு உட்படாமலே போய்விடும். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டில் இக்கடற்பாலத்து முல்லையைப் பாடுதல் வேண்டும். அப்பாட்டில் காத்திருப்போரின் திறமும் தெரிய வேண்டும். உறங்கும் குழந்தையின் முகமும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது முல்லை ஆகாது.