இணையவழி ஏலமும் இல்லத்துப் பழம்பொருள்களும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)

 

இல்லங்களில் உபயோகமற்றுக் கிடக்கும் பழம்பொருள்களை இணையவழி ஏலத்தில் விற்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் வியாபாரியல்லன், முப்பது வருஷம் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவன். இவ்விஷயத்தில் எனக்குள்ள அநுபவமெல்லாம் இங்கிலாந்தில் ஐந்து மாதம் பெற்றதேயாகும். ஆயினும் அங்கு நான் செய்த பிழையொன்று உங்களுக்கு உபயோகப்படக்கூடும் என்று கருதியே இங்கு நிற்கத் துணிந்தேன். நம்மவர் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் குடியேறியிருக்கின்றனர். வீடு மாறும்போதும், பெரியோர் காலமான பின்பும், சாமான்களை என்ன செய்வதென்று அவர்கள் திகைப்பதை நீங்கள் அறிவீர்கள்.

என் தமையனார் லெஸ்டர் நகரத்தில் நாற்பது வருஷம் வாழ்ந்து, 2021-ம் வருஷக் கடைசியில் காலமானார். அண்ணியார் தம் மகள் வீட்டுக்குச் செல்வதென்று ஏற்பட்டபடியால், வீட்டை ஒழித்துக் கொடுக்க நான் சென்றேன். புகைப்படக் கருவிகள், இசைத்தட்டுகள், கைக்கடிகாரங்கள், ஒரு தையல் இயந்திரம் என்று அறை நிறையச் சாமான்கள் இருந்தன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, யாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொற்பத் தொகை கூறினார். அண்ணியார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றுவிட்டார்கள். அன்றிரவே அவர்கள் பெயரால் ஈபே ஏலத்தில் கணக்குத் தொடங்கினேன். பெயர் அவர்களுடையது, எழுத்து என்னுடையது என்பதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏலம் 1995-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பியேர் ஒமிட்யார் என்பவரால் தொடங்கப்பட்டது. அதில் முதலில் விலைபோனது பழுதான ஒரு லேசர் சுட்டுக்கோல். 14 டாலர் 83 சென்டுக்கு அதை ஒருவர் எடுத்தார். அது வேலை செய்யாதென்று தெரியுமா என ஒமிட்யார் எழுதிக் கேட்க, தாம் பழுதான சுட்டுக்கோல்களையே சேகரிப்பவர் என்று அவர் விடை எழுதினாராம். விற்றவர் பழுதை மறைக்கவில்லை, வாங்கியவரும் ஏமாறவில்லை. இதை நான் முன்பே படித்திருந்தும், வேடிக்கைக் கதையென்று எண்ணிவிட்டேன்.

நம்மூர் ஏலத்தில் ‘ஒருதரம், இரண்டுதரம்’ என்று கூறி, மூன்றாந்தரம் கூறுமுன் எவரேனும் கேட்டால் ஏலம் நீளும். ஈபேயிலோ மூன்றாந்தரம் கூறுவார் இல்லை. ஏழு நாள் என்று வைத்தால், ஏழாம் நாள் அந்த வினாடியில் முடிந்துவிடும். கேட்போர் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை இரகசியமாகக் குறித்து வைப்பர். ஒருவர் 40 பவுனும் மற்றவர் 25 பவுனும் குறித்தால், 40 குறித்தவருக்கு 26 பவுனுக்கே பொருள் கிடைக்கும். இரண்டாவது ஆளே விலையை நிர்ணயிக்கிறார். ஆதலால் ஒருவர் மிகுந்த ஆசை கொண்டிருப்பது போதாது, இருவர் வேண்டும்.

தமையனாரின் கர்நாடக இசைத்தட்டுகள் பன்னிரண்டை 99 பென்ஸ் ஆரம்ப விலையில் வைத்தேன். முடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் நான்கு பவுன்தான் ஏறியிருந்தது. வீட்டிலிருந்த ஓர் இளைஞன், “மாமா, என் கணக்கிலிருந்து நானே கேட்டு ஏற்றிவிடட்டுமா?” என்றான். அது அங்கே குற்றம். தன் பொருளுக்குத் தானே மறுபெயரில் கேள்வி கேட்ட ஒருவர் 2010-ம் வருஷத்தில் பிராட்போர்டு நீதிஸ்தலத்தில் அபராதம் விதிக்கப்பட்டார். வேண்டாமென்று தடுத்துவிட்டேன். எனக்கும் உள்ளூரச் சபலம் இல்லாமலில்லை. கடைசி அரை நிமிஷத்தில் மூவர் போட்டியிட்டு 61 பவுனுக்கு ஏற்றினர். எதிரிகளுக்குச் சாவகாசம் கொடாமல் இறுதி வினாடிகளில் கேட்பதே அங்கு வழக்கம் என்பதைப் பிறகே அறிந்தேன்.

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். பென்டாக்ஸ் கே1000 என்னும் பழைய புகைப்படக் கருவியொன்று இருந்தது. விசையை அழுத்திப் பார்த்தேன், ‘கிளிக்’ என்றது. ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுதிவிட்டேன். அக்கருவியின் திரை மின்கலம் இன்றியே இயங்கும். வெளிச்சத்தை அளக்கும் முள்ளுக்கு மட்டுந்தான் மின்கலம் வேண்டும். அந்த முள் செத்திருந்தது. மின்கலம் வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். 72 பவுனுக்கு எடுத்தவர் ஒரு மாணாக்கர். ‘விவரித்தபடி இல்லை’ என்று எழுதினார். அதுவரை ஏழு பேர் நல்ல அபிப்பிராயம் எழுதியிருந்தனர். எட்டாவது இது. அண்ணியார் பெயருக்கெதிரே நூற்றுக்கு 87.5 என்று நின்றது.

பணத்தையும் தபால் செலவையும் திருப்பிக் கொடுத்தோம். அபிப்பிராயத்தைத் திருத்தும்படி வாங்கினவரை வேண்டிக்கொள்ள விற்பவருக்கு அங்கே இடமுண்டு. நான் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். அண்ணியார், “அந்தப் பிள்ளை எழுதியது மெய்தானே? எதற்காக மாற்றச் சொல்லுவது?” என்றார்கள். நாற்பது வருஷம் அவ்வீதியில் ஒருவரிடமும் சொல் கேளாதவர்கள் அவர்கள். அதற்குமேல் நான் எழுதவில்லை.

அந்த அபிப்பிராயத்துக்கு விலையுண்டு என்பதை அறிஞர் அளந்தும் பார்த்திருக்கின்றனர். மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் ரெஸ்னிக் முதலியோர், பழைய படத் தபாலட்டைகளை நற்பெயர் நிலைத்த ஒரு விற்பனையாளர் பெயராலும், புதுப் பெயர்களாலும் ஈபேயில் விற்றுப் பார்த்தனர். நற்பெயருக்கு நூற்றுக்கு 8.1 வீதம் அதிகம் கிடைத்ததென்று 2006-ம் வருஷத்தில் வெளியிட்டனர்.

அதே கருவியை மீண்டும் வைத்தோம். இம்முறை முள் அசையாததையும், தோலுறையின் கிழிசலையும், அடியிலுள்ள கீறலையும் தனித்தனியே படமெடுத்துப் போட்டேன். 64 பவுனுக்குப் போயிற்று. எட்டுப் பவுன் நஷ்டந்தான். ஆனால் எடுத்தவரிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. ஓடாத கைக்கடிகாரங்களையும் ‘உதிரிப் பாகங்களுக்கு மட்டும்’ என்று எழுதி ஒரு பெட்டியாக வைத்தேன். அவற்றுக்கும் ஆள் இருந்தது!

அந்நாட்டுச் சட்டமும் இதையொட்டியே இருக்கிறது. சொந்தச் சாமானை விற்கும் தனிமனிதர், பொருள் நல்ல தரமுள்ளதென்று வியாபாரியைப் போல் ஜவாப்தாரியாக வேண்டியதில்லை. ஆனால் தாம் விவரித்தபடி அது இருந்தாக வேண்டும். விற்பதற்கென்றே வாங்கி விற்றாலோ வியாபாரமாகிவிடும். வருஷத்தில் 1,000 பவுனுக்கு மேல் வரவு வந்தால் வரி இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், வருஷத்தில் 30 உருப்படிகளோ அதற்கு மேலோ விற்றவர்களின் விவரத்தை ஏல ஸ்தாபனங்களே அவ்விலாகாவுக்கு அனுப்புகின்றன. அதனால் வரி விதித்துவிட்டதாக அர்த்தமில்லை, பயப்பட வேண்டாம்.

நான் விற்ற காலத்தில் தபால் செலவையும் சேர்த்த மொத்தத்தில் நூற்றுக்கு 12.8 வீதமும், அதன்மேல் 30 பென்ஸும் கட்டணமாகப் பிடித்துக்கொண்டனர். 2024 அக்டோபரில், மோட்டார் வாகனங்கள் நீங்கலாக, அங்குள்ள தனிமனிதருக்கு அதை நீக்கிவிட்டனர். 2025 பிப்ரவரி முதல் வாங்குவோரிடம் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வாங்குகின்றனர். கேட்போர் அதையும் மனத்திற் கொண்டே விலை கூறுவர். தபாற் கந்தோரில் பார்சல் கொடுத்ததற்குச் சான்றுச் சீட்டு இலவசமாகத் தருவார்கள். மறவாமல் கேட்டு வாங்குங்கள்.

நமது தேசத்தில் ஈபே 2004-ம் வருஷத்தில் பாஜி என்னும் ஸ்தாபனத்தை வாங்கி ஏலம் நடத்தியது. அது 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆதலால் நான் கூறியவற்றை அந்நாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்குக் கடிதத்தில் எழுதுங்கள்.

கடிகாரப் பெட்டியைப் பற்றிச் சொன்னேனல்லவா? அதைப் படமெடுக்குமுன் அண்ணியார் வந்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவும் ஓடாத கடிகாரமே.