பூத்தையலின் பின்புறம்



நம் பிள்ளைகளுள் ஆடைத் தொழிற்கூடங்களில் எம்பிராய்டரி எனப்படும் பூத்தையல் பொறியை இயக்குவோர் உளர். வீட்டிலேயே தையல் பயிலும் சகோதரியரும் உளர். ஆதலின், அத்தொழிலில் பலரும் கருத்தூன்றாத ஒரு பொருளைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

ஆடையின் முகப்பில் உள்ள பூவை எல்லோரும் பார்க்கின்றனர். அதனைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பவரே தொழில் அறிந்தவர். அங்கே வைத்துத் தைக்கப்படும் ஆதாரத்தைப் பேக்கிங் என்றும், பேப்பர் என்றும் வழங்குவர். பெயர் பேப்பரே ஆயினும், அது பெரும்பாலும் இழைகளை நெய்யாமல் பிணைத்துச் செய்த ஒருவகைத் துணியாகும்.

அது எதற்காக? ஊசி இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் மேல்நூலும் பாபின் நூலும் பிணைந்து துணியை உள்நோக்கி இழுக்கின்றன. ஒரு தையலின் இழுப்பு அற்பமே. ஆனால், சட்டையின் மார்பில் வரும் சிறு சின்னத்திற்கே 5,000 தையல்கள் விழக்கூடும். பொறியோ நிமிடத்திற்கு 600 முதல் 1,000 தையல்கள் வரை போடுகிறது. இத்தனை இழுப்பையும் மெல்லிய துணி தனியே தாங்காது. வட்டம் முட்டை வடிவாகும், எழுத்துகள் கோணும், ஓரக்கோடு நிறத்தை விட்டு விலகும், சுற்றிலும் சுருக்கம் விழும். அந்த இழுப்பைத் தானும் ஏற்றுத் துணியை நிலைநிறுத்துவதே பேக்கிங்கின் பணி.

இதன் வரலாறும் சுவையானது. 1863இல் சுவிட்சர்லாந்தில் ஐசக் கிரோப்ளி என்பவர் ஷிஃப்லி பூத்தையல் பொறியை உருவாக்கினார். 1880களில் அந்நாட்டின் செயின்ட் காலன் பகுதியில், பூத்தைத்தபின் அடித்துணியை மட்டும் இரசாயனத்தால் கரைத்து, நூற்பூவைத் தனியே எடுக்கும் முறை வளர்ந்தது. நீரில் கரையும் இன்றைய ஆதாரத்திற்கு அதனை முன்னோடி எனலாம்.

இன்று வழக்கில் உள்ளவற்றுள் முக்கியமானவை மூன்று. முதலாவது, கட்-அவே எனப்படும் வெட்டி நீக்கும் வகை. பனியன் துணி வளையங்களால் பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். அதற்கு இதுவே தகும். தைத்தபின் பூவைச் சுற்றி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். எஞ்சியது ஆடை உள்ளவரை உடனிருந்து தாங்கும். இரண்டாவது, டேர்-அவே எனப்படும் கிழித்து நீக்கும் வகை. காக்கி, டெனிம் போன்ற நீளாத நெய்துணிக்கு இது போதும். மூன்றாவது, நீரில் கரையும் வகை. துண்டின் நூல்வளையங்கள் பூவின் ஊடே எழாதிருக்க, அதன் மெல்லிய ஏட்டை மேற்புறம் விரித்துத் தைத்துப் பின் அலசிவிடுவர். மழைக்காலத்தில் ஈரம் படாமல் அதனைக் காக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் நிகழும் இடம் ஒன்று உண்டு. கிழிப்பது எளிது, நேரம் மிச்சம் என்று கருதிப் பனியன் துணிக்கும் டேர்-அவே வைப்பர். தைத்து முடித்த அன்று இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். சலவையில்தான் வேற்றுமை வெளிப்படும். தையலுக்குள் எஞ்சிய தாள் நைந்துபோகும். துணி மீண்டும் நீளத் தொடங்கும். பூ மட்டும் சுருண்டு நிற்கும்.

பேக்கிங் எல்லாப் பிழையையும் திருத்திவிடும் என்று எண்ணற்க. பிரேமில் பனியன் துணியை இழுத்து மாட்டினால், கழற்றியதும் அது தன் நிலைக்குத் திரும்பிப் பூவைச் சுற்றிச் சுருங்கும். சுருக்கம் நீக்கப்படாத பருத்தித் துணி சலவையில் சுருங்கும். பாலியெஸ்டர் நூலோ சுருங்காது. தையல் மிக நெருங்கினால், தபால்தலையின் ஓரம்போல் துளைபட்டுத் தாளே அறுந்துவிடும்.

இளைஞர்களே! இவையெல்லாம் சிறு செய்திகள் என்று கருதாதீர்கள். ஏழைத் தாய் ஒருத்தி தன் மகனுக்கு ஓராண்டு உழைக்கும் என்று நம்பி வாங்கும் சீருடையில், பள்ளிச் சின்னம் இரண்டு மாதத்தில் சுருண்டால் அந்த இழப்பு யாருடையது? தொழிற்கூடத்தில் நூறு பீஸ் திருப்பி அனுப்பப்பட்டால், பேக்கிங்கைத் தேர்ந்தவர் வேறொருவர் ஆயினும், பழி பொறியருகே நிற்பவர் மீதே விழக்கூடும். காரணத்தைச் சொல்லத் தெரியாதவர் தலைகுனிந்து கூலிப் பிடித்தத்தை ஏற்பார். காரணமும் கையில் சான்றும் உள்ளவர் நிமிர்ந்து பேசலாம்.

ஆகவே, ஒன்று செய்யுங்கள். ஒரே சின்னத்தை வெவ்வேறு துணிகளில், வெவ்வேறு பேக்கிங் வைத்துத் தையுங்கள். ஐந்து முறை துவைத்து உலர்த்துங்கள். அவற்றைக் குறிப்பேட்டில் ஒட்டி, துணி, நூல், பேக்கிங், தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். கூலி பேசும்போதும், நாளை சொந்தமாக ஒரு பொறி வாங்கி ஆர்டர் கேட்கும்போதும், அந்தக் குறிப்பேட்டை மேசைமீது விரித்து வையுங்கள். பொறியை ஓட்டுவோர் பலர். ஏன் என்று விளக்க வல்லவர் சிலர். அச்சிலருள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும் என்பதே என் அவா.