ஃபார்மட் செய்யும் முன்: உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது எது?



குடிமக்கள் சேவைகள் பற்றிய உரைகளில் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எப்படிப் பதிவிறக்குவது என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்று, அப்படிப் பதிவிறக்கியதெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றிப் பேசலாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் அந்த இடம். அதை முழுசா அழிச்சிட்டு மறுபடி விண்டோஸ் ஏத்தணும்னு ஒரு நாள் வந்தால், அதற்கு முந்தைய நாள் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வி இப்போது நிறைய வீடுகளில் எழுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இது கிடையாது. அதனால் சிலர் லினக்ஸுக்கு மாறுகிறார்கள், சிலர் எஸ்எஸ்டி போடுகிறார்கள், சிலர் புதுசு வாங்கிவிட்டுப் பழையதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கிறார்கள். இது தவிர, வைரஸ், ஆன் ஆகவே பத்து நிமிஷம் என்கிற பிரச்சினைகளும் உண்டு. எதுவானாலும் கடையில் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்."

ஃபார்மட் செய்வது தப்பில்லை. அது ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. ஆனால் அதில் போனது எல்லாம் திரும்பி வராது. பழைய ஹார்டுடிஸ்க்கில் அழிந்ததைச் சில சமயம் செலவு செய்து மீட்கலாம். எஸ்எஸ்டி-யில் அழித்தால் பெரும்பாலும் அதற்கும் வழியில்லை. ஆகவே, ‘இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது எது’ என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

போனில் அழித்தது எங்கே இருக்கிறது?

நம்மில் பலருக்கு எல்லா வேலையும் போனில்தான். "கம்ப்யூட்டர்ல முக்கியமா எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிடுவோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போனில் ‘இடம் இல்லை’ என்று காட்டும்போதெல்லாம் என்ன செய்தோம்? கேபிள் போட்டுப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். பிறகு போனில் அழித்தோம். அந்த நிமிஷத்திலிருந்து கம்ப்யூட்டரில் இருப்பது நகல் அல்ல. அதுதான் ஒரே பிரதி.

"கூகுள்ல இருக்குமே" என்றும் தோன்றும். இருக்கலாம், ஆனால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் பதிவேறும் படங்கள் பொதுவாக இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. அது நிரம்பினால் புதிய படங்கள் மேலே போவது நின்றுவிடும். 2019 பொங்கல் படம் இருக்கும், பாப்பாவின் முதல் பிறந்தநாள் இருக்காது.

"டி டிரைவ்ல போட்டுட்டேன், ஒண்ணும் ஆகாது"

இது நம் ஊரில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். சி, டி, இ என்று பிரித்து வைப்பது பழைய வழக்கம். சி-யை மட்டும் அழித்தால் டி-யில் இருப்பது தங்கும் என்பதும் பொதுவாக உண்மைதான். ஆனால் பல கம்ப்யூட்டர்களில் இவை மூன்று தனித்தனிப் பெட்டிகள் அல்ல. ஒரே டிஸ்க்கில் போட்ட மூன்று கோடுகள், அவ்வளவுதான். விண்டோஸ் ஏற்றும்போது வரும் பட்டியலில் தவறான பகுதியைத் தொட்டாலோ, எல்லாப் பகுதிகளையும் நீக்கினாலோ டி-யும் சேர்ந்து போகும். டிஸ்க்கே பழுதானால் மூன்றும் போகும். வெளியே தனியாக இருக்கும் பிரதிதான் பிரதி.

விண்டோஸின் ரீசெட் வசதியில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று ஒரு தேர்வு வரும். அது உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட மென்பொருள்களை நீக்கும். அதையே நம்பி பிரதி எடுக்காமல் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போகலாம்.

திரும்பக் கிடைப்பவை

முதலில் மனசை லேசாக்கிக்கொள்ளலாம். நாம் பயப்படுகிற பல ஆவணங்கள் திரும்பக் கிடைக்கும். இ-சேவை வழியாகப் பெற்ற சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களின் விண்ணப்ப எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தேட அவை உதவும். பட்டா, சிட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் மறுபடி எடுக்கலாம். ஆதாரை மறுபடி பதிவிறக்கலாம். அந்த பிடிஎஃப்-ஐத் திறக்க, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். டிஜிலாக்கரில், வழங்கிய துறையிடமிருந்தே நேராக வந்து சேரும் ஆவணங்கள் அசலுக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது அப்படியல்ல. இந்த வித்தியாசம் நினைவிருக்கட்டும்.

இவற்றில் பல உங்கள் மொபைல் எண்ணை நம்பியே இயங்குகின்றன. பழைய எண்ணைப் பதிவு செய்து அந்த சிம் இப்போது இல்லையென்றால், ஓடிபி வராது. ஃபார்மட் செய்யும் முன் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பக் கிடைக்காதவை

இனி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேட வேண்டியவை. முதலில் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். அப்பா லாகினில் என்ன இருக்கிறது என்று அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

குறிப்பாகத் தேட வேண்டியவை: முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் சம்பளச் சீட்டு, படிவம் 16, அனுபவச் சான்று. வேலையை விட்ட பிறகு அந்த நிறுவனத்தின் இணையக் கணக்கு உங்களுக்குத் திறக்காது. ஸ்கேன் செய்த மூலப்பத்திரம். தாத்தா பாட்டி பேசிய ஒலிப்பதிவு, கல்யாண வீடியோ. கடை வைத்திருப்பவர் என்றால் டாலி கணக்கு. டாலிக்கு உள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். டிஜிட்டல் கையொப்பம் யுஎஸ்பி டோக்கனில் இருந்தால் கவலையில்லை, அதற்கான மென்பொருளை மட்டும் மறுபடி போட வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே நிறுவியிருந்தால் அதை வெளியே எடுத்துவைக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்கிற வீடுகளுக்கு இன்னொன்று. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மனுக்கள், சங்கத் தீர்மானங்கள், பத்திரிகைகள் இருந்தால், அந்த எழுத்துரு கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். கோப்பு இருந்து எழுத்துரு இல்லையென்றால், திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள்தான் வரும். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது.

சாவிகள்

கோப்பு மட்டும் போதாது, பூட்டைத் திறக்கிற சாவியும் வேண்டும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கூகுள் கணக்கோடு இணைந்திருக்கின்றனவா என்று போனில் திறந்து பாருங்கள். அவற்றை ஒரு கோப்பாக எடுத்தால், எல்லாம் வெளிப்படையாகப் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழியுங்கள், பென்டிரைவில் விட்டுவைக்காதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்யும் லேப்டாப்களில், நீங்கள் எதுவும் செய்யாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்கான மீட்புச் சாவி 48 இலக்கம் கொண்டது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆபீஸ் போன்ற காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்களுக்கு 25 எழுத்துக் குறியீடு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பிரதி எடுத்தாச்சு, திறந்து பார்த்தீங்களா?

ஒரு வெளி ஹார்டுடிஸ்க் அல்லது பெரிய பென்டிரைவ் போதும். அதை எக்ஸ்ஃபேட் முறையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டும். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அந்தக் கோப்பு கம்ப்யூட்டரில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது.

பிரதி முடிந்ததும் பச்சைக் கோடு ஓடி நின்றதை நம்பாதீர்கள். ஓடிஜி கேபிளில் அந்தப் பென்டிரைவை உங்கள் போனில் சொருகுங்கள். பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பழையது, புதுசு, பெரிய வீடியோ, ஒரு பிடிஎஃப் என்று கலந்து பாருங்கள். வேறொரு கருவியில் திறக்கிற வரை அதைப் பிரதி என்று சொல்ல முடியாது.

மறக்கக் கூடாத இன்னொரு விஷயம்: விண்டோஸ் ஏற்றுவதற்கான பென்டிரைவ் வேறு, பிரதி வைக்கும் பென்டிரைவ் வேறு. முதலாவதற்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும். அதைத் தயார் செய்யும்போது உள்ளே இருப்பது முழுக்க அழிந்துவிடும். வைஃபைக்கான டிரைவரையும் முன்பே எடுத்து வையுங்கள். இல்லையென்றால் புது விண்டோஸில் நெட் வராமல் போகலாம், நெட் இல்லாமல் டிரைவரைப் பதிவிறக்கவும் முடியாது.

எஸ்எஸ்டி போடுபவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. புது எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் போடச் சொல்லிவிட்டு, பழைய ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி அப்படியே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதங்கள் அதைத் தொடாதீர்கள். எதை விட்டுவிட்டோம் என்பது பயன்படுத்தும்போதுதான் தெரியும்.

கடையில் கொடுக்கும்போது

"பேக்கப் நாங்களே எடுத்துடுவோம்" என்று சொன்னாலும், வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கொடுங்கள். எந்தக் கோப்பு முக்கியம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. உங்கள் குடும்பப் படங்களும் ஆதார் நகலும் இன்னொருவர் டிஸ்க்கில் ஏற வேண்டியதும் இல்லை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்கள். ஜிமெயிலிலிருந்தும் வெளியேறுங்கள்.

கம்ப்யூட்டரை விற்பதாகவோ வேறொருவருக்குக் கொடுப்பதாகவோ இருந்தால் வேகமான ஃபார்மட் போதாது. ஹார்டுடிஸ்க்கில் அது பெயர்ப் பலகையை எடுப்பது மாதிரிதான், வீடு அப்படியே இருக்கும். ரீசெட்டில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்வோடு, டிரைவை முழுதாகத் துடைக்கும் வசதியையும் இயக்குங்கள். உங்கள் விவரங்களை வைத்து யாராவது பணமோசடி செய்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இன்றே ஒரு தாளை எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பதாகத் தோன்றுகிற ஐந்து விஷயங்களை எழுதுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உங்கள் போனில் திறந்த பிறகு, தைரியமாக ஃபார்மட் செய்யுங்கள்.