தூண்டில் மீனும் வீட்டு வாளியும்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்னால் இருக்கும் தம்பிமார் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். நம்ம லயங்களில் பல வீட்டு ஸ்தோப்பில் இப்போது ஒரு பேசின் மீன் இருக்கிறது. காசல்ரீ, மவுசாக்கலைப் பக்கம் திலாப்பியா பிடிக்கிறவர்களுக்கு மண்புழு போதும். கீழ்நாட்டுக் குளங்களில் விரால் பிடிக்கப் போகிறவர்களுக்குத்தான் உயிரோடு துடிக்கும் சின்ன மீன் வேணும். அதற்காக ஓடையில் பிடித்து வைக்கிறார்கள். சனிக்கிழமை பிடித்தது ஞாயிறு காலையில் செத்து மிதக்குது என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் பல பேர்.

முதலில் தண்ணியைப் பார்ப்போம். மீன் தண்ணிக்குள் கலந்திருக்கும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அந்தக் காற்று தண்ணியின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகும். அதனால் வாய் குறுகிய கேன் சரிவராது, அகலமான பேசின் தான் நல்லது. 20 லீற்றர் பேசினில் 2 அங்குல மீன் 10 விட்டால் போதும். ஐம்பதை அடைத்தால் விடியும்போது எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்துச் சோறு போடாதீர்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது. உடனே பாதி மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒரு செம்பால் தண்ணியை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

வெயிலில் வைக்க வேண்டாம். தண்ணி சூடானால் அதில் காற்று குறையும். நம்ம பீலித் தண்ணி நேராக ஊற்றிலிருந்து வந்தால் மீனுக்கு நல்லது. குழாயில் குளோரின் போட்ட தண்ணி வந்தால், திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, இடையிடையே கலக்கிவிட்டு, பிறகு பாவியுங்கள். தண்ணியை முழுதாக மாற்றக்கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே சூட்டில் உள்ள புதுத் தண்ணி ஊற்ற வேணும். எடுத்த தண்ணியைக் கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்.

சாப்பாடு கொஞ்சம் தான். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத் தவிடு, அல்லது கொசுப் புழு. மிச்சம் கிடந்தால் அழுகி, தண்ணி கெட்டுப் போகும். தூரம் கொண்டு போவதற்கு முதல் நாள் ஒன்றும் போட வேண்டாம். உடம்பில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்த மீனைத் தனியாக எடுத்து, 5 லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து அதில் விடுங்கள்.

இனி, நான் இன்றைக்கு உங்களைக் கூப்பிட்ட விஷயம்.

போன வருஷம் ஒரு லயத்தில் ஒரு பையன் முப்பது மீன் பிடித்து வந்து வாளியில் விட்டான். இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று மிச்சமில்லை. நிழல் இருந்தது, பீலித் தண்ணி தான், சோறும் போடவில்லை. என்ன காரணம் என்று நான் போய் வாளியைப் பார்த்தேன். விளிம்பில் லேசாக நீலப் பச்சை நிறம். கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்து கலக்கிய வாளி அது. அப்பா மலையில் மருந்து அடிக்கிறவர், பழசாகிவிட்டது என்று வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். "மூன்று தடவை கழுவினேன் சேர்" என்றான் பையன். செம்பு மீனுக்குக் கொடிய விஷம், கொஞ்சம் இருந்தாலே செவுளைக் கெடுத்துவிடும்.

மீன் போனது பெரிய நட்டமில்லை. நான் அங்கே நிற்கும்போதே அந்தத் தாய் சொன்னது தான் இன்னும் என் மனதில் இருக்கிறது. "ஐயோ சேர், நேற்று இந்த வாளியில் தானே சோற்றுக்குத் தண்ணி கொண்டு வந்தேன்."

அந்த வீட்டில் நாலு பிள்ளைகள். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மீன் செத்திருக்காவிட்டால் அந்த வாளி இன்றைக்கும் அவர்கள் அடுப்படியில் தான் இருந்திருக்கும். புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சிக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதை தான். மணம் போய்விட்டது என்றால் மருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. மீன் பிழைத்துக்கொண்டது, ஆகவே வாளி நல்லது என்றும் நினைக்க வேண்டாம். மருந்து பட்ட பாத்திரம் வீட்டுக்கு வரவே கூடாது. ஏற்கெனவே வந்ததை அடியில் ஓட்டை போட்டு, யாரும் எடுக்க முடியாதபடி ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். மருந்து அடிக்கும் அண்ணன்மாரே, தாங்கியைப் பீலியிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம். அந்தத் தண்ணி கீழ் லயத்துக்குத்தான் போகிறது.

இன்னும் மூன்று விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். மிச்சம் வந்த மீனைக் குடிதண்ணித் தொட்டியிலோ வேறு ஓடையிலோ விட வேண்டாம், பிடித்த இடத்திலேயே விடுங்கள். திலாப்பியா இந்த நாட்டுக்கு வந்தது 1952 இல் தான், இன்றைக்கு அது இல்லாத குளம் குறைவு. வெளி மீன் ஒருமுறை பரவினால் திரும்ப எடுக்க முடியாது. அடுத்தது, மீன் தீர்ந்த பேசினைக் கவிழ்த்து வையுங்கள். சும்மா நிற்கும் தண்ணியில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கும். கடைசியாக, சின்னப் பிள்ளைகளைத் தூண்டிலோடு தனியாக நீர்த்தேக்கத்துக்கு அனுப்பாதீர்கள்.

இன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் உங்கள் வாளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். இது எங்கிருந்து வந்தது, முன்னே இதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத வாளியை எடுத்து வையுங்கள். நாளைக்குப் பெரட்டு முடிந்த பிறகு நான் வந்து பார்க்கிறேன்.