கல்மேல் கோடும் நீர்மேல் கோடும்

(தசலட்சணப் பெருவிழாவின் முதல் நாளாகிய உத்தம க்ஷமை நாளன்று கள்ளிக்குப்பத்தில் ஆற்றிய உரை)



பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆன்றோர் பலர் இவ்வறத்தைச் சாத்திர நெறியில் விளக்கியிருக்கின்றனர். அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆகவே ஒரு சிறிய இடத்தில் நின்று பேச விரும்புகிறேன். ஒரே ஆர்வத்தால் ஒன்றுகூடும் நண்பர்களுக்குள் மூளும் பகையும், அதனைத் தீர்க்கும் வழியுமே என் பொருள்.

சொத்துக்காகப் பிணங்குவோருக்கு நீதிமன்றம் உண்டு. உறவினர்க்குள் பூசல் என்றால் குடும்பத்துப் பெரியவர்கள் உண்டு. தபால்தலை சேர்ப்போரும், சதுரங்கம் ஆடுவோரும், செடி வளர்ப்போரும், பழஞ்சுவடி தேடுவோரும் தம்முள் பிணங்கினால் தீர்த்து வைப்பார் இல்லை. “பொழுதுபோக்குத்தானே, இதற்கு என்ன பஞ்சாயத்து?” என்று பிறர் நகைப்பர். ஆயினும் அப்பிணக்கின் வலி சிறிதன்று. ஊதியம் கருதாமல் விருப்பத்தால் மட்டுமே செய்யும் ஒரு செயலில் ஒருவன் இழிவுபடுத்தப்பட்டால், அது நேரே நெஞ்சில் தைக்கும். இதனை நான் என் பிழையாலேயே கற்றுக்கொண்டேன். அப்பிழையை இன்று உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின்னர், பழைய நாணயங்கள் சேர்க்கும் நண்பர்கள் சிலரோடு பழகத் தொடங்கினேன். ஞாயிறு மாலைதோறும் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம். பன்னிரண்டு பதினைந்து பேர் வருவர். சமயமும் சாதியும் அங்கே பேச்சில் வருவதில்லை. ஒருவர் சோழர் காசு கொண்டுவருவார். மற்றொருவர் டச்சுக்காரர் பழவேற்காட்டில் அடித்த செப்புக்காசு கொண்டுவருவார். அதுவே எங்கள் மகிழ்ச்சி.

ஓர் ஆடி மாதத்து ஞாயிறன்று நண்பர் ஒருவர் விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்து வந்தார். அதை வாங்கிப் பார்த்தவுடனே எனக்கு ஐயம் எழுந்தது. அச்சில் அடித்த காசின் விளிம்பில் வரிகள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலிக்காசில் அவை மழுங்கி, சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரியும். அக்காசில் அந்தக் கோடு தெரிந்தது. அந்நாளைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், தராசில் வைத்தபோது இது 10 கிராமைச் சற்றே தாண்டியது. அது போலி என்பதில் ஐயமில்லை.

அதனோடு நான் நின்றிருக்கலாம். சுற்றிலும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். நாவின் நுனியில் ஒரு சிலேடை வந்து நின்றது. “இந்த நாணயத்தில் நாணயம் இல்லை” என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் காசை வாங்கி, கைக்குட்டையில் முடிந்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கிச் சென்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரோடு நெருங்கியிருந்த மூவரும் வரவில்லை. நான் அவரைப் பொய்யர் என்று சொன்னதாக ஒருவர் பேசினார். அவர் என்னை ஆணவக்காரர் என்று சொன்னதாக மற்றொருவர் வந்து எனக்குச் சொன்னார். இரண்டு மாதத்திற்குள் பன்னிரண்டு பேர் ஆறு பேராயினர்.

இதற்கிடையில் தசலட்சண விழா வந்தது. விழா நிறைவுற்றபின் க்ஷமாவணி நாளன்று, நம் வழக்கப்படி உறவினர், அண்டை வீட்டார், ஆலயத்தில் கண்டவர் அனைவரிடமும் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டினேன். வேண்டவேண்டியவர் நான்கு தெரு தள்ளி இருந்தார். அவரிடம் நான் செல்லவில்லை. யாரிடம் குற்றம் செய்யவில்லையோ அவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் செய்தேனோ அவரிடம் கேட்கவில்லை. உங்களுள் எவரேனும் இப்படிச் செய்ததுண்டா என்று நான் கேட்கவில்லை. அவரவர் நெஞ்சு அறியும்.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் இயற்றிய கோம்மடசாரம் சினத்தை நான்கு தரமாகப் பிரித்துக் காட்டுகிறது. சஞ்சுவலனம் என்னும் சினம் நீரின்மேல் கிழித்த கோடு போன்றது. பிரத்தியாக்கியானம் புழுதியில் கிழித்த கோடு. காற்று வீசினால் மறையும். அப்பிரத்தியாக்கியானம் நிலத்தில் விழுந்த வெடிப்பு. மழை பெய்தால்தான் மூடும். அநந்தாநுபந்தி என்பது கல்லில் விழுந்த பிளவு. இவை நெஞ்சில் தங்கும் காலத்தையும் அந்நூல் வரையறுக்கிறது. முதலாவது ஒரு முகூர்த்தத்திற்குள் ஆறும். இரண்டாவது ஒரு பக்கம், அதாவது பதினைந்து நாள் நிற்கும். மூன்றாவது ஆறு மாதம் நிற்கும். நான்காவது ஆறு மாதத்தையும் கடந்து பிறவிகளைத் தொடரும்.

இதிலுள்ள நுட்பத்தைச் சிந்தியுங்கள். எவ்வளவு உரக்கக் கத்தினோம் என்பதைக் கொண்டு இங்கே சினம் அளக்கப்படவில்லை. எவ்வளவு காலம் அதைச் சுமந்தோம் என்பதைக் கொண்டே அளக்கப்படுகிறது. நான் அவரை நோக்கி ஒருநாளும் கத்தியதில்லை. பேசாமல்தான் இருந்தேன். அந்தப் பேசாமைக்குப் பொறுமை என்று பெயரும் சூட்டிக்கொண்டேன். ஆறு மாதம் கடந்த அன்றே அது கல்மேல் கோடாகிவிட்டது என்பதை உணரவில்லை.

இத்தகைய பகை நம்போன்ற எளியவர்க்கு மட்டும் உரியதன்று. பேரறிஞர்களையும் அது பற்றியிருக்கிறது. 1675ஆம் ஆண்டு டிசம்பரில் ஒளியைப் பற்றி ஐசக் நியூட்டன் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி தம் நூலில் முன்னரே உள்ளது என்று இராபர்ட் ஹூக் அவையில் கூறினார். அச்சொல் சங்கச் செயலாளர் வழியாகக் கேம்பிரிட்ஜில் இருந்த நியூட்டனை எட்டியது, அவர் கொதித்தார். மறு மாதமே ஹூக் நேரடியாக நியூட்டனுக்கு எழுதினார். தம்மைப் பற்றித் தவறான செய்தி தங்களை எட்டியிருக்கும் என்று ஐயுறுவதாகவும், இனி நமக்குள் தனியே எழுதிக்கொள்ளலாம் என்றும் அக்கடிதத்தில் தெரிவித்தார். நியூட்டன் இசைந்து, ஹூக்கின் தொண்டைப் பாராட்டியும் எழுதினார். அவையில் பேசியபோது கசந்தது, தனியே எழுதியபோது கனிந்தது. எனினும் 1686இல் ஈர்ப்புவிசை பற்றி மீண்டும் பூசல் மூண்டது. எட்மண்ட் ஹாலி இடைநின்று பொறுமையோடு எழுதிய கடிதங்களால்தான் நியூட்டனின் பெருநூல் 1687இல் குறைபடாமல் வெளிவந்தது. ஆனால் அவ்விருவரின் பகை முற்றும் ஆறவில்லை.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. 1867இல் திருவருட்பா அச்சில் வந்தபின், அப்பெயர் அதற்குப் பொருந்துமா என்று எழுந்த வாதம், கண்டன நூல்களாக வளர்ந்து, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. 1874இல் இராமலிங்க அடிகளும் 1879இல் ஆறுமுக நாவலரும் மறைந்தனர். வாதம் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும் செய்குதம்பிப் பாவலர் மறுபுறமுமாக அது மீண்டும் எழுந்தது. தொடங்கியவர்கள் போனபின்னும் பூசல் தொடர்ந்தது. அநந்தாநுபந்தி பிறவிகளைத் தொடரும் என்று முன்னோர் சொன்னதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

இதற்கு மாறான ஒரு வழியை நமக்கு நெருக்கமான ஒரு நூலின் வரலாற்றிலேயே காணலாம். திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய நம் சமயத்தார் அவருக்கு ஐயம் களைந்து உதவியதை அவரே தம் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்து புகழ் பரவியதும் கண்டனங்களும் கிளம்பின. பதிப்பில் பிழை காண்பதாகச் சொல்லித் துண்டு வெளியீடுகள் பரப்பப்பட்டன. மனம் நொந்த ஐயர் மறுப்பு எழுத முற்பட்டார். அவரோடு கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய சாது சேஷையர் அதனைத் தடுத்தார். மறுப்பு எழுதத் தொடங்கினால் வாழ்நாள் அதற்கே சரியாகப் போகும், செய்யவேண்டிய தொண்டு நின்றுபோகும் என்பது அவருடைய அறிவுரை. ஐயர் கேட்டார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் தொடர்ந்து வந்தன. மறுப்புக்குச் செலவாகியிருக்கக்கூடிய காலம் தமிழுக்குச் செலவாயிற்று. நல்ல நண்பர் ஒருவர் தக்க நேரத்தில் கையைப் பிடித்ததன் பயன் அது.

ஆனால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஐயர் தம்மைத் தாக்கியவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் இருந்தார்; அது பொறுமை. நான் என்னால் புண்பட்டவருக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அது பொறுமையன்று, செருக்கு. குற்றம் செய்யப்பட்டவனுக்கு மௌனம் அணியாகலாம். குற்றம் செய்தவனுக்கு மௌனம் இன்னொரு குற்றம்.

பதினான்கு மாதம் கழிந்து அடுத்த க்ஷமாவணி வந்தபோது, ஆலயத்திலிருந்து நேரே அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் நம் சமயத்தவர் அல்லர். அந்நாளின் சிறப்பும் அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்தவர் “வாங்க” என்று மட்டும் சொன்னார். நான் வழியெல்லாம் ஆயத்தப்படுத்திய சொற்கள் மறந்துபோயின. “அன்று எல்லோர் முன்னும் உங்களைச் சிரிப்புக்கு உள்ளாக்கினேன். அது என் தவறு” என்றேன். காசு நல்லது என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய். மெய் பேசும் விரதமும் இன்னா செய்யாமை விரதமும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. சொன்ன செய்தியைத் திரும்பப் பெறத் தேவையில்லை; சொன்ன விதத்திற்கே மன்னிப்பு வேண்டியிருந்தது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க அப்பாவிடம் இப்படி ஒரு ரூபாய் இருந்தது சார். கஷ்ட காலத்தில் விற்றுவிட்டார். அந்த நினைவுக்காக இதை வாங்கினேன். எனக்கே சந்தேகம்தான். உங்களிடம் தனியாகக் கேட்கத்தான் அன்று எடுத்து வந்தேன்.”

நண்பர்களே, என்னை நம்பிக் கேட்க வந்தவரை நான் நகைப்புக்கு ஆளாக்கி அனுப்பியிருக்கிறேன். பதினான்கு மாதமாக நான் அறியாதிருந்தது இதுதான். நடுவில் செய்தி சுமந்தவர் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியாது. நேரில் சென்றாலன்றி இது தெரிந்திருக்காது. அன்றே அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். மூன்று ஞாயிறு கழித்துத்தான் மாடிக்கு வந்தார். வந்தவர் கடைசி நாற்காலியில் அமர்ந்தார். அதுவே எனக்குப் பெரிய வரவாக இருந்தது.

அதன்பின் எங்கள் சிறு கூட்டத்தில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். இவை எந்தச் சங்கத்திற்கும், ஏன், எந்தக் குடும்பத்திற்கும் பொருந்தும் என்று கருதுகிறேன்.

முதலாவது, ஒருவரது பொருளிலோ செயலிலோ குறை கண்டால் முதலில் உரியவரிடம் தனியே சொல்வது. காண்போர் பெருகப் பெருக, விட்டுக்கொடுப்பது அரிதாகிறது.

இரண்டாவது, பொருளைப் பற்றிப் பேசுவது. ஆளைப் பற்றிப் பேசாதிருப்பது. காசு போலி என்பது கருத்து. கொண்டுவந்தவரிடம் நாணயம் இல்லை என்று தொனிக்கப் பேசுவது பகை.

மூன்றாவது, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டு சேர்க்காதிருப்பது. நண்பராக இருந்து செய்யத்தக்க உதவி, “வாருங்கள், சேர்ந்து போய்ப் பார்ப்போம்” என்று அழைத்துச் செல்வதே.

நான்காவது, பிணக்கு நேர்ந்தால் மூத்தவர் இருவர் முதலில் இருதரப்பையும் தனித்தனியே கேட்டு, பின்னர் ஒருங்கே அமர்த்துவது. அதற்கு ஒரு பக்கம், பதினைந்து நாளே எல்லை. புழுதிக் கோடாக இருக்கும்போதே அழித்துவிட வேண்டும். அது கல்லில் ஏறியபின் உளி தேவைப்படும்.

ஐந்தாவது, மன்னிப்புக் கேட்கும்போது குற்றத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது. “ஏதேனும் தவறு செய்திருந்தால்” என்று தொடங்கும் மன்னிப்பு, பாதிக் கதவைச் சாத்திவிட்டு விருந்தினரை அழைப்பதற்கு ஒப்பாகும். பிரதிக்கிரமணத்தில் நாம் குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது இதற்காகவே.

இன்னும் சில நாளில் க்ஷமாவணி வரும். எல்லா உயிர்களிடத்தும் நாம் பொறுத்தருள வேண்டுவோம். அது பெரிய சொல், சொல்லத்தக்க சொல். எல்லா உயிர் என்பதற்குள் நான்கு தெரு தள்ளி இருக்கும் ஓர் உயிரும் அடங்கும். அவ்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்து அச்சொல்லைச் சொன்னால் அதன் பொருள் நிறைவுறும்.

அந்தப் போலிக்காசை அவர் இன்றும் வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு எனக்கு அதை மீண்டும் எடுத்துக் காட்டினார். “இதில் நாணயம் இல்லை சார், ஆனால் இதனால் ஒன்று கிடைத்தது” என்றார். இம்முறை இருவரும் சேர்ந்தே சிரித்தோம்.

 என் உரையில் எவரையேனும் புண்படுத்திய சொல் இருப்பின், அதை எனக்குத் தனியே சுட்டிக்காட்டுங்கள். நானே உங்கள் இல்லம் வந்து பொறுத்தருள வேண்டுவேன்.

அறம் வளர்க! அன்பு தழைக்க! வணக்கம்.