தீட்டாக இருந்தவரை நம் வேலை, பட்டமானதும் அவர்கள் தகுதியா?

மருத்துவம் படிக்கும் தோழர்களே!

பச்சிளங்குழந்தை மருத்துவராக எத்தனை ஆண்டுகள் படிக்க வேண்டும்? எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, குழந்தை மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, அதற்கு மேல் டி.எம். நியோனேட்டாலஜி 3 ஆண்டு. எங்கும் தடங்கல் இல்லாவிட்டாலே பதினொன்றரை ஆண்டு. பிறந்து 28 நாள்கூட ஆகாத உயிரைக் காக்கும் கல்விக்கு இது அதிகமல்ல. ஆனால் அந்தக் கல்வியின் வாசலில் யார் தடுக்கப்படுகிறார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

பிரசவம் தீட்டு என்றது சாதி. அதனால் பிள்ளையைக் கையில் ஏந்தும் வேலையையும், கொடி அறுக்கும் வேலையையும் யாரிடம் ஒப்படைத்தது? தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாவிதர் குலத்து மருத்துவச்சியிடம். வட இந்தியாவில் பெரும்பாலும் தலித் தாயிடம். ஊரே அவர்கள் கையால்தான் பிறந்தது. அதே ஊர் அவர்களைத் திண்ணையில்கூட உட்கார விடவில்லை. அந்த வேலை இன்று உயர்சிறப்பு மருத்துவம் ஆகிவிட்டது. உடனே 'தகுதி' வந்து குறுக்கே நிற்கிறது.

உயர்சிறப்பு மருத்துவப் பணியிடங்களில் இடஒதுக்கீடு உகந்ததல்ல என்று 1992 மண்டல் வழக்குத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. இன்றுவரை டி.எம்., எம்.சிஎச். இடங்களில் சாதிவழி இடஒதுக்கீடு கிடையாது. எம்.பி.பி.எஸ்.சில் 69 விழுக்காடு தந்த தமிழ்நாட்டின் சட்டம் இந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாடு அரசு 2020இல் வேறொரு வழி கண்டது. அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 விழுக்காட்டை அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. வழக்குப் போட்டார்கள். அவ்வாண்டு அது நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்தவர் நிபுணராகி அரசு மருத்துவமனைக்கே திரும்ப இது உதவும். ஆனாலும் இது பணிக்கான ஒதுக்கீடு. சமூகநீதிக்கான ஒதுக்கீடு இன்னும் பாக்கி.

"உயிர் சம்பந்தப்பட்டதாயிற்றே, தகுதி வேண்டாமா?" என்பார்கள். மகாராட்டிரத்தின் கட்சிரோலியைப் பார்க்கச் சொல்லுங்கள். பழங்குடியினர் மிகுந்த அந்த மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவ இணையர் 1986 முதல் பணியாற்றுகிறார்கள். 39 ஊர்களில், ஐந்து முதல் பத்து வகுப்புவரை படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு அவர்கள் பயிற்சி தந்தார்கள். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருப்பது, எடை பார்ப்பது, மூச்சுத் திணறலைச் சரிசெய்வது, இரத்தத்தில் நோய்த்தொற்று ஏறுவதைக் கண்டுபிடித்து ஜென்டாமைசின் ஊசி போடுவது எல்லாவற்றையும் அப்பெண்களே செய்தார்கள். பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டபோது, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1999இல் 'லான்செட்' ஆய்விதழ் இதை வெளியிட்டது. 2011இல் ஒன்றிய அரசு இதனை ஆஷா பணியாளர்களின் வேலையாக்கியது. ஆறேழு முறை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதற்கு அவர்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 250 ரூபாய் என்று வைத்தது. ஆக, பழைய கணக்கு மாறவில்லை: உழைப்பு நம் பெண்களுடையது, கூலி மட்டும் கிள்ளித் தருவது.

நிபுணரே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வெண்டிலேட்டரில் இருக்கும் ஒரு கிலோ எடைக் குழந்தைக்கு நிபுணர் வேண்டும். அந்த நிபுணர் நம் வீடுகளிலிருந்தும் வர வேண்டும் என்கிறேன். எந்தக் குழந்தை ஏன் சாகிறது என்ற கேள்வியை ஆய்வில் எழுப்புகிறவர், அந்தக் குழந்தை பிறந்த குடிசையை அறிந்தவராக இருக்க வேண்டும். கட்சிரோலியில் ஆய்வு ஊருக்குள் போனதால்தான் விடையும் ஊருக்குள் கிடைத்தது.

எனவே எம்.டி.யோடு நின்றுவிடாதீர்கள். டி.எம். இடங்களில் இடஒதுக்கீடு கேட்டுப் போராடுங்கள். ஆஷா தோழர்கள் ஊதியம் கேட்டுத் தெருவுக்கு வரும்போது வெள்ளை அங்கியோடு அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள்.